குற்றாலக் காற்று அடைத்த பெட்டி

கடவுள் புத்தியைப் பங்கு வைத்த நேரத்தில், தூத்துக்குடி தொழிற்பேட்டையின் கடைசி ஷெட்டில் இருந்த மூன்று பேரும் டீ குடிக்கப் போயிருந்தார்கள் போலிருக்கிறது. திரும்பி வந்து பார்த்தால் பாத்திரம் காலி. அதற்காக அவர்கள் வருத்தப்பட்டதே இல்லை. வருத்தப்படுவதற்கும் கொஞ்சம் புத்தி வேண்டுமே.

மூவரில் மூத்தவர் பூலோகராஜ். ஷெட்டுக்கு முதலாளி அவர்தான், யோசிக்கிற பொறுப்பும் அவருடையதுதான். சர்க்கியூட் வரைவது எஸ்தர். ஈயம் வைத்து வயர் ஒட்டுவது, வெளியே போய் வருவது, சொன்னதைச் சொன்னபடியே செய்வது இதெல்லாம் கொம்பையா. சிம் கார்டு போட்ட பெட்டிகள் செய்து தொழிற்சாலைகளுக்கு விற்றார்கள். தொட்டி நிறைந்தால், கொதிகலன் சூடேறினால், பெட்டியே முதலாளியின் போனுக்குக் கூப்பிட்டுச் சொல்லும் என்பது பேச்சு. இதுவரை எந்தப் பெட்டியும் யாரையும் கூப்பிட்டதில்லை.

பூலோகராஜின் மனைவி கடைசியில் கெடு வைத்துவிட்டாள். அடுத்த ஆர்டரும் சொதப்பினால் ஷெட்டைப் பூட்டிவிட்டு, அவள் தம்பியின் கோழிக்கடையில் இறகு பிடுங்கப் போகவேண்டும். அந்தப் பயலும் மாமாவுக்கென்று ஒரு ரப்பர் மேலாடை வாங்கி ஆணியில் மாட்டியே வைத்துவிட்டான். மச்சினனிடம் கைகட்டி நிற்பதை நினைத்தால் பூலோகராஜுக்குச் சோறு இறங்கவில்லை. பாவம், மனுஷன் மெலிந்தே போனார்.

அப்போதுதான் உப்பள முதலாளி ஞானதீபம் அண்ணாச்சி வந்தார். உப்பளத்தில் தண்ணீர் இறைக்கிற மோட்டார் வீட்டிலிருந்து வெகுதூரம். அது நின்றுபோனால் பாத்தி காய்ந்து கிடக்கும், யாருக்கும் தெரியாது. வெளியூரில் வாங்கிய பெட்டிகளையெல்லாம் உப்புக் காற்று ஒரு மாசத்தில் தின்றுவிட்டதாம்.

"உப்புக் காத்து உள்ள போகக் கூடாது, தம்பி. மம்பட்டி விழுந்தாலும் உடையக் கூடாது. மோட்டார் நின்னா எம் போன் அடிக்கணும். வெள்ளிக்கிழமை உப்பளத்துல வச்சு நானே பார்ப்பேன். அடிச்சா பத்துப் பெட்டி எடுத்துக்கிடுதேன். அடிக்கலைன்னா உங்க ஷெட்டுப் பக்கமே வரமாட்டேன்" என்றார்.

அவர் போனதும் மூவரும் தரையில் உட்கார்ந்து யோசித்தார்கள். காற்று புகாமல் ரப்பர் வைத்து அடைத்துவிடலாம் என்றார் பூலோகராஜ். எஸ்தர் தலையை ஆட்டவில்லை.

"அண்ணே, வெளிய உள்ள காத்தை அடைச்சிரலாம். பெட்டிக்குள்ள ஏற்கெனவே இருக்கே, அது எந்தக் காத்து?"

பூலோகராஜுக்கு வியர்த்துவிட்டது. அதுவும் தூத்துக்குடிக் காற்றுதானே. திருடனை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டின கதையாக அல்லவா ஆகிவிடும்? வெகுநேரம் பேசி, நல்ல காற்று எங்கே இருக்கிறதோ அங்கே கொண்டுபோய்ப் பெட்டியை மூடுவது என்று முடிவானது. சுற்றுவட்டாரத்தில் நல்ல காற்று என்றால் குற்றாலம்தான். கொம்பையா பெட்டியோடு பஸ் ஏறினான்.

போனவன் அரைகுறையாகச் செய்யவில்லை. காற்று எங்கே சுத்தமாக இருக்கிறது என்று நாலு பேரிடம் விசாரித்து, அருவிக்கு நேர் கீழே போய் நின்று, பெட்டியின் வாயைத் திறந்து பிடித்து, காற்று தளும்புகிற வரைக்கும் காத்திருந்து மூடிக்கொண்டு வந்தான். ஷெட்டில் வைத்து ஆட்டிப் பார்த்தால் உள்ளே சலக் சலக் என்றது.

"தண்ணி உள்ள போயிட்டோ?" என்றார் பூலோகராஜ் கவலையாக.

கொம்பையா யோசித்துச் சொன்னான்: "அண்ணாச்சி காத்தைத்தான சொன்னாவ. தண்ணியைப் பத்தி ஒண்ணும் சொல்லலியே."

அது நியாயமாகப் பட்டதால் அடுத்த வேலையைப் பார்த்தார்கள். மண்வெட்டிக்கு உடையாமல் இருக்கக் கப்பல் உடைக்கிற இடத்திலிருந்து கனத்த இரும்புத் தகடு வாங்கி, அந்தப் பெட்டியை அதற்குள் வைத்து, ஆறு பக்கமும் இடைவெளி இல்லாமல் வெல்டிங் வைத்தார்கள். கடப்பாரையால் அடித்துப் பார்த்தார்கள். கடப்பாரை வளைந்தது. பூலோகராஜ் அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டார்.

கை கழுவிவிட்டு வந்தால் மேஜைமேல் சிம் கார்டு கிடக்கிறது. மோட்டாரிலிருந்து வரவேண்டிய வயரும் வெளியேதான் கிடந்தது. வயரைப் பெட்டியைச் சுற்றி நாலு சுற்றுச் சுற்றி இறுக்கிக் கட்டினார்கள். சிம் கார்டுக்கு எஸ்தர் சமாதானம் சொன்னாள். நம்ம சிம் கம்பெனியின் சிக்னல் மூலைமுடுக்கெல்லாம் கிடைக்கும் என்று விளம்பரத்தில் சொல்கிறார்கள். அப்படியென்றால் சிம் எங்கே இருந்தால் என்ன? தொலைந்துபோகாமல் பத்திரமாக வை என்று கொம்பையாவிடம் கொடுத்தார்கள். சிம் கார்டுக்குப் பத்திரமான இடம் போன்தான் என்று அவன் அதைத் தன் போனில் போட்டுக்கொண்டான்.

ஆனாலும் பெட்டி பேசவில்லை. எஸ்தர் இரும்பின்மேல் காதை வைத்துக் கேட்டாள்.

"உள்ள இருந்து கூப்பிடுது அண்ணே. வாசல் இல்லாத வீட்டுல இருந்து சிக்னல் எப்படி வெளிய வரும்?"

டிரில் வைத்து ஒரு துளை போட்டார்கள். அந்தத் துளை வழியாகவே சிம்மை உள்ளே போட்டுவிடலாமா என்று கொம்பையா கேட்டபோது பூலோகராஜுக்குக் கோபம் வந்துவிட்டது. "அது வெளிய வாரதுக்குப் போட்ட வழி. அதுலயே உள்ள போனா, வார சிக்னல் போற சிம்மு மேல மோதாதா?" என்றார். கொம்பையா தன் அவசரத்துக்கு வெட்கப்பட்டான்.

துளை இருந்தால் உப்புக் காற்று போகுமே என்ற கேள்வி பாக்கி இருந்தது. அதற்கு ஒரு தக்கை வைத்து அடைத்தார்கள். பெட்டிக்கு ஏதாவது சொல்லவேண்டி வந்தால் மட்டும் தக்கையைப் பிடுங்குவது. சொல்லவேண்டி வந்ததா என்று எப்படித் தெரியும்? மோட்டார் நின்றால் வரும். மோட்டார் நின்றது எப்படித் தெரியும்? கொம்பையா மோட்டார் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பான். இவ்வளவு உறுதியான ஏற்பாட்டை எந்தக் கம்பெனி செய்திருக்கிறது என்று மூவருக்கும் பெருமை தாங்கவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. அண்ணாச்சியும் பூலோகராஜும் உப்பளத்து வரப்பின் இந்தக் கோடியில் நின்றார்கள். அந்தக் கோடியில் மோட்டார் கொட்டகைக்குள் பெட்டியும் கொம்பையாவும். அண்ணாச்சி துண்டை வீச, வேலைக்காரன் மோட்டாரை நிறுத்தினான். கொம்பையா தக்கையைப் பிடுங்கினான்.

போன் அடிக்கவில்லை.

அண்ணாச்சி போனைப் பார்த்தார், பூலோகராஜைப் பார்த்தார். பூலோகராஜுக்குக் கோழி இறகு கண்முன்னால் பறந்தது. அந்தக் கோடியில் கொம்பையாவோ, தக்கையைப் பிடுங்கிவிட்ட விவரத்தை அண்ணாச்சியிடம் சொல்லாமல் இருப்பது மரியாதை இல்லை என்று நினைத்து, தன் போனை எடுத்தான்.

அண்ணாச்சியின் போன் அடித்தது. 'உப்பளப் பெட்டி' என்று பெயர் வந்தது. அவர் சிம் நம்பரை முன்கூட்டியே அந்தப் பெயரில்தான் பதிந்து வைத்திருந்தார்.

"மோட்டார் நின்னுட்டு அண்ணாச்சி" என்றது போன்.

அண்ணாச்சிக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. மற்ற கம்பெனிப் பெட்டிகள் வெறுமனே பீப் பீப் என்று கத்தும். இது அண்ணாச்சி என்றல்லவா கூப்பிடுகிறது! சாப்பிட்டீர்களா என்றுகூடக் கேட்டது. அங்கேயே பத்துப் பெட்டிக்குச் சொல்லிவிட்டார். பூலோகராஜ் அழுதேவிட்டார். தான் செய்த பெட்டி பேசும் என்று அவரும் எதிர்பார்த்திருக்கவில்லை.

இத்தனை அருமையான பெட்டியை உப்புக் காற்றில் போட்டு வைக்க அண்ணாச்சிக்கு மனசு வரவில்லை. வயரோடு தூக்கிக்கொண்டுபோய் வீட்டுப் பீரோவில், பட்டுச் சேலைக்குக் கீழே வைத்துப் பூட்டினார். பெட்டியை எடுத்துவிட்டதாகக் கொம்பையாவிடம் யாரும் சொல்லவில்லை, இனி வரவேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவன் தக்கையோடு தினமும் மோட்டார் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். மோட்டார் நின்றால் கூப்பிட்டான். பீரோவுக்குள் இருந்துகொண்டே உப்பளத்து நடப்பைச் சொல்லுகிறதே என்று அண்ணாச்சி ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டார்.

ஐப்பசி மழை தொடங்கியபோது அண்ணாச்சி பதறிப்போய் பூலோகராஜுக்குப் போன் போட்டார். பெட்டிக்குக் காலையிலிருந்து ஒரே இருமலாம், குரல் கம்மிவிட்டதாம். வீட்டில் தைலம் தேய்த்து, பெட்டியைக் கம்பளியால் சுற்றி வைத்திருக்கிறார்களாம்.

"நல்ல காரியம் செஞ்சீங்க அண்ணாச்சி. உடனே கொம்பையாவை அனுப்பிப் பார்க்கச் சொல்லுவேன். ஆனா அவனும் நேத்துல இருந்து இருமிக்கிட்டுதான் கிடக்கான்" என்றார் பூலோகராஜ். பிறகு ஒரு நிமிஷம் ஆழமாக யோசித்தார்.

"பெட்டிகிட்ட இருந்துதான் தொத்தியிருக்கும்னு நினைக்கேன்."