மு. சடையப்பனுக்குக் கொடுத்த திதி

மடத்துக் கணினியில் வம்சாவளி மரம் ஒன்று வளர்ந்துகொண்டிருந்தது. தொண்டர்கள் ஊர் ஊராகப் போய்ப் பெயர் திரட்டினார்கள். ஜனங்களும் தாத்தா, முப்பாட்டன் பெயரையெல்லாம் மனமுவந்து கொடுத்தார்கள். அதைக் கட்டிக் காத்தவர் குருவின் சீடர் பழமலை, பத்திரப்பதிவு ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் கைபடாமல் ஒரு பெயரும் சேராது, நீங்காது. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ஒரு நாள் அஞ்சலை என்ற பெண் அவரைத் தேடி வந்தாள்.

"என் மாமனார் பேரு மு. சடையப்பன். எம் மவனுக்கும் அதே பேரு, அதே இனிஷியல். உங்காளுங்க ரெண்டு பேரையும் ஒருத்தராக்கிட்டாங்க, ஐயா. எம் மவன் படத்துக்குக் கீழ செத்த தேதி போட்டிருக்கு."

"எழுதிக் குடும்மா. கமிட்டி பார்க்கும்."

"அதை நெட்டுல பாத்துட்டுச் சிங்கப்பூர் சொந்தக்காரங்க அவனுக்குத் திதி குடுத்துட்டாங்க. பிண்டம் வச்ச நேரத்துலேருந்து நாலு நாளா அவன் சோறு தொடலை. வயிறு நெறைஞ்சே இருக்குங்கறான். அவன் பேரை எடுத்துடுங்க. நான் குடுத்ததுதானே?"

"குடுத்தாச்சில்ல? அப்புறம் அது எல்லாருக்கும் பொது. ஆளாளுக்கு எடுக்கச் சொன்னா மரம் மொட்டையாயிடும்."

அவள் அழக்கூட இல்லை. வாசலிலேயே நின்றாள். பார்க்கவே பாவமாக இருந்தது.

பழமலை உள்ளே போய்க் குருவிடம் நடந்ததைச் சொன்னார்.

"நான் சொன்னது சரிதானே, சாமி?"

"உன் பேரு, அப்பா பேரு சொல்லு."

"எதுக்கு சாமி?"

"குடேன்."

"கொளஞ்சி மகன் பழமலை."

குரு சோற்றில் எள்ளைக் கலந்து உருண்டை பிடித்தார். 'கொளஞ்சி மகன் பழமலைக்கு' என்று மூன்று முறை சொல்லி மதில்மேல் வைத்தார். கூப்பிடாமலே காக்கை வந்தது. பழமலை பதறிக்கொண்டு ஓடுவதற்குள் உருண்டை போய்விட்டது.

குரு இலை போட்டுச் சோறு வைத்தார்.

"வா, சாப்பிடு."

காலையிலிருந்து பழமலை பட்டினி. ஒரு கவளம் எடுத்தார். வாய்வரை போன கை நின்றுவிட்டது. வயிறு கனத்துக் கிடந்தது. நாக்கில் எள் ருசித்தது.

"சாமி, பயமா இருக்கு. என் பேரைத் திருப்பிக் குடுத்துடுங்க."

குரு வாசலில் நின்ற அஞ்சலையைப் பார்த்தார்.

"உனக்கு ஒரு வேளைதான் ஆவுது, பழமலை. அவ புள்ளைக்கு நாலு நாள்."