பயத்துக்குக் கட்டிய வளையங்கள்

"எந்த வளையத்தைக் கட்டினாலும் பயமா இருக்கும்மா," என்றார் தொம்மை.

ஜெசிந்தா நிமிரவில்லை. தூத்துக்குடியில் கடல் மீனுக்குத் தூண்டில் கம்பு கட்டுவதில், அதாவது நூல் ஓடும் வளையங்களைக் கம்பில் வைத்துக் கட்டுவதில், பேர்போனவர். தொம்மை அவரைவிட வயதில் மூத்தவர், தொழிலில் சிஷ்யர்.

"என்ன பயம் அண்ணாச்சி?"

"உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். ஊருக்கே தெரியும். போன மாதம் தொம்மை கட்டிய கம்பில் பெரிய பாரை மீன் ஒன்று மாட்டியது. நூல் வளையத்தில் உரசி அறுந்தது. இழுத்துக்கொண்டிருந்த அவர் தம்பி கபிரியேல் மல்லாந்து கடலில் விழுந்தான். பேச்சு மூச்சில்லாமல்தான் தூக்கினார்கள்.

பிழைத்தவன் சும்மா இருக்கிறானா? நாளைக் காலை மறுபடியும் போகிறான். அண்ணன் கட்டிய கம்புதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான்.

"இந்தத் தடவை எல்லா வளையமும் டைட்டானியம். உள்ளே நல்ல பீங்கான். உப்பு ஒண்ணும் செய்யாது."

தொம்மை கம்பை நீட்டினார்.

கம்பு முழுக்க வளையங்கள். வளையல் கடை மாதிரி இருந்தது.

ஜெசிந்தா ஒன்றைத் தொட்டார். "இது எதுக்கு?"

"கம்பு வளையும்போது நூல் கம்பில உரசாம இருக்க."

"இது?"

"அதுவும் அதுக்குத்தான்."

"அப்ப நடுவில இது?"

தொம்மை அந்த வளையத்தைக் கட்டைவிரலால் மறைத்தார்.

"பயத்துக்கு."

ஜெசிந்தா பிளேடால் கட்டு நூலை அறுத்து அந்த வளையத்தை மேசையில் போட்டார்.

"இது?"

"அதுவும் பயத்துக்குத்தான்."

அதுவும் மேசைக்கு வந்தது. ஒவ்வொன்றும் விழ விழ தொம்மை அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

ஜெசிந்தா மிச்ச வளையங்களில் நூலைக் கோத்து, அதன் நுனியை ஜன்னல் கம்பியில் கட்டி, தூண்டில் கம்பை நன்றாக வளைத்தார். நூல் எங்கும் உரசவில்லை.

"போதும்."

"போதுமா? இத்தனையை அறுத்துட்டீங்களே. நாளைக்கு அவன் திரும்பவும் விழுந்தா?"

ஜெசிந்தா நூலை உருவிவிட்டு, காது குடையும் பஞ்சுக் குச்சி ஒன்றைக் கொடுத்தார்.

"இருக்கிற வளையத்துக்குள்ள விட்டுச் சுத்துங்க."

தொம்மை சுற்றினார். முதல் வளையத்தில் பஞ்சு வழுக்கிக்கொண்டு போனது. அடுத்ததிலும் அப்படியே. அதற்கடுத்ததில் ஓர் இழை சிக்கி நின்றது.

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பீங்கானில் மயிரிழை அளவுக்கு ஒரு விரிசல். நூலை அறுக்க அது போதும்.

"புத்தம் புது வளையம்மா..." அவர் கம்பை மேசையில் வைத்தார். "அன்னைக்குத் தம்பிக்குக் கட்டினப்ப நான் வளையத்துக்குள்ள பார்க்கவே இல்ல."

"இதுக்குப் பயப்படுங்க, அண்ணாச்சி," என்றார் ஜெசிந்தா.