அசனப் பானையில் முதல் பிடி

கடற்கரையில் யாரும் மதில் எழுப்பாத காலம் அது. செம்மணல் துறை என்று ஓர் ஊர் இருந்தது. ஊர் நடுவே ஓலை வேய்ந்த சின்ன ஆலயம். ஊருக்கெல்லாம் பொதுவாக ஒரே ஒரு கரைவலை. அந்த வலையைக் கடலில் வளைத்துப் போட்டு, இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று கயிறு பிடித்து இழுத்தால்தான் மீன் கரையேறும். இழுத்தவர் எல்லாருக்கும் பங்கு உண்டு.

அந்த ஊரில் இஞ்ஞாசி என்றொரு கருவாட்டு வியாபாரி இருந்தான். கேளுங்கள் பிள்ளைகளே, அவன் செய்த அநியாயத்தை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊர் முழுவதும் ஆலயத்தில் இருந்த நேரம். இஞ்ஞாசி அயலூர் ஆட்களைக் கூட்டிவந்து, யாரிடமும் கேட்காமல் பொது வலையை எடுத்துக் கடலில் போட்டான். பங்கு கொடுக்காமல் மீன் முழுவதையும் தானே அள்ளிக்கொள்ளலாம் என்று ஆசை. வலை பாறையில் மாட்டியது. இழுத்தார்கள். கிழிந்தது. மறுபடி இழுத்தார்கள். நார் நாராகப் போயிற்று.

ஆட்கள் ஓடிவிட்டார்கள். ஊர் திரண்டு வந்து கேட்டது. "யார் செய்த வேலை இது?"

அன்றைக்குக் காய்ச்சலில் படுத்துக் கிடந்ததால் ஆலயத்துக்கு வராதவன் சூசை என்ற படகோட்டி. இஞ்ஞாசி வாய் கூசாமல் சொன்னான்: "சூசைதான். என் கண்ணால் பார்த்தேன்."

ஆலய நேரத்தில் நீ கரையில் என்ன செய்தாய் என்று இஞ்ஞாசியை ஊர் விசாரிக்கவே இல்லை. பணக்காரன் பார்த்ததாகச் சொன்னால் போதாதா! சூசை வீட்டுக்கு நெருப்புக் கொடுக்கக் கூடாது, படகில் இடம் கொடுக்கக் கூடாது, பந்தியில் இலை போடக் கூடாது என்று தீர்ப்பாயிற்று. காய்ச்சல் விடாத உடம்போடு சூசை, மனைவி ஞானப்பூவையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு, ஆற்று முகத்துவாரத்துக்கு அப்பால் குடிசை போட்டான்.

இஞ்ஞாசி தப்பித்துக்கொண்டான். தப்பித்தும் அவனுக்கு நிம்மதி இல்லை.

ஆலயத்தில் சூசை குடும்பம் உட்காரும் இடம் தூணுக்குப் பக்கத்தில். இப்போது அது வெறும் மணல் தரை. இஞ்ஞாசி முழங்கால் போட்டுக் கண்ணை மூடினால் அந்த வெறும் தரைதான் தெரிந்தது. வாய் ஜெபித்தது. ஜெபம் கூரையைத் தாண்டவில்லை.

'சரி, ஆண்டவருக்கு ஏதாவது கொடுத்துச் சரிக்கட்டிவிடலாம்' என்று நினைத்தான். வியாபாரி அல்லவா!

முதலில், பீட விளக்குக்கு வருடம் முழுவதும் எண்ணெய் கொடுத்தான். ஊர் புகழ்ந்தது. தூணுக்குப் பக்கம் வெறுமையாகவே இருந்தது.

அடுத்து, ஊருக்குப் புது வலை வாங்கிக் கொடுத்தான். பழையதைவிடப் பெரிது. ஊர் அவனைத் தோளில் தூக்கியது. தூணுக்குப் பக்கம் வெறுமையாகவே இருந்தது.

மூன்றாவதாக, வெண்கல மணி ஒன்று செய்வித்துக் கொண்டுவந்து ஆலயத்தில் தொங்கவிட்டான். மணிச் சத்தம் முகத்துவாரத்துக்கு அப்பாலும் கேட்டது. அன்று அவன் தனியே பீடத்துக்கு முன் நின்று கோபத்தோடே கேட்டான்: "எண்ணெய் கொடுத்தேன், வலை கொடுத்தேன், மணி கொடுத்தேன். இன்னும் என்னதான் வேண்டும் உமக்கு?"

பார்த்தீர்களா துணிச்சலை! திருடியவன் இவன், பொய் சொன்னவன் இவன், கோபமும் இவனுக்கே வருகிறது.

அந்த ஊரில் வருடத்துக்கு ஒருமுறை அசனம் நடக்கும். ஒவ்வொரு வீடும் கொண்டுவரும் அரிசியை ஒரே பானையில் போட்டுப் பொங்கி, ஆண்டவர் வீட்டுச் சாப்பாடு என்று எல்லாரும் ஆலயத்துக்குள் ஒரே பந்தியில் உட்கார்ந்து உண்பார்கள். அதற்கு ஒரு வழக்கம் உண்டு. அரிசி போடுகிறவர் பானைக்கு முன் நின்று, "இந்தப் பந்திக்கு வெளியே நான் நிறுத்தியவர் ஒருவரும் இல்லை" என்று உரக்கச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டுத்தான் பிடித்த கையைத் திறக்கலாம்.

சூசை போனதிலிருந்து இஞ்ஞாசி அந்தப் பக்கமே வருவதில்லை. மனைவியிடம் அரிசியைக் கொடுத்தனுப்பிவிடுவான்.

ஆனால் மணி கொடுத்த அந்த வருடம், ஆலயத்தில் ஜெபம் நடத்தும் சந்தியாகு உபதேசியார் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "மணி கொடுத்த மகராசன் நீர். முதல் பிடி உம்முடையதுதான்."

"வேண்டாம் உபதேசியாரே, எனக்கு இடுப்பு வலி."

"ஒரு பிடி அரிசி போட இடுப்பு எதுக்குவே?" என்றார் சமையல்கார மிக்கேல். ஊர் சிரித்தது.

இஞ்ஞாசி பானைக்கு முன் நின்றான். கை நிறைய அரிசி. அப்போது ஆலய வேலிக்கு வெளியே ஒரு குரல் எழுந்தது. ஞானப்பூ. ஒவ்வொரு அசனத்துக்கும் அவள் முந்தானையில் அரிசி முடிந்துகொண்டு வருவாள். ஒவ்வொரு தடவையும் விரட்டுவார்கள்.

"சொல்லும் அண்ணாச்சி, சொல்லும்!" என்று கத்தினாள். "காய்ச்சலில் கிடந்த மனுஷன் வலை இழுத்ததைக் கண்ணால் பார்த்தீரே, அந்த வாயால் இதையும் சொல்லும். உம்ம மணி அடிக்கும்போதெல்லாம் என் பிள்ளைகள் கேட்கிறார்கள், அம்மா, கோயிலில் கூப்பிடுகிறார்களே, போகலாமா என்று. நான் என்ன சொல்ல?"

"அவளை விரட்டுங்கப்பா!" என்றார் ஒருவர்.

இஞ்ஞாசி வாயைத் திறந்தான். "இந்தப் பந்திக்கு வெளியே..." அதற்கு மேல் நாக்கு எழவில்லை. ஆண்டவர் தனக்குப் பதிலே சொல்லவில்லை என்று அவ்வளவு கோபப்பட்டானே, பதில் வேலிக்கு வெளியே முந்தானையில் அரிசியோடு நின்றுகொண்டிருந்தது.

அரிசி கையிலிருந்து மணலில் கொட்டியது.

"வலையைக் கிழித்தது நான்" என்றான். "சூசை இல்லை. நான்."

ஊர் கொதித்தது. "மணியைக் கழற்றி அவன் கழுத்திலேயே கட்டுங்கள்!" என்றது ஒரு குரல். இஞ்ஞாசி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முகத்துவாரத்தைப் பார்த்து நடந்தான். "எங்கே ஓடுகிறீர்?" என்று ஞானப்பூ தண்ணீர்க் கரைவரை பின்னாலேயே திட்டிக்கொண்டு வந்தாள்.

இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கும்போது அவன் ஜெபித்தான். "ஆண்டவரே, கையில் ஒன்றும் இல்லை. உம்ம பிள்ளையை உம்ம வீட்டை விட்டுத் துரத்தியவன் நான். என்மேல் இரங்கும்." அந்த ஜெபத்துக்குக் கூரை தடையாக இருக்கவில்லை. அவன் அக்கரை சேரும்வரை ஆண்டவர் காத்திருக்கவும் இல்லை; அவன் திரும்பிய அந்த நொடியே அவனோடு தண்ணீரில் இறங்கிவிட்டார்.

சூசை குடிசை வாசலில் தூண்டில் கட்டிக்கொண்டிருந்தான். இஞ்ஞாசி மணலில் விழுந்து எல்லாவற்றையும் சொன்னான்.

சூசை தூண்டிலைக் கீழே வைத்தான். "என்ன கொண்டுவந்தீர்?" என்றான்.

"ஒன்றும் இல்லை."

"நல்லது. ஏதாவது கொண்டுவந்திருந்தால் உம்ம தலையிலேயே போட்டு உடைத்திருப்பேன்." எழுந்து நின்றான். "என் கோபம் இன்னும் ஆறவில்லை வே. ஆனால் என் தகப்பன் வீட்டுப் பந்திக்கு என்னைக் கூப்பிட ஆள் வந்திருக்கிறது. நான் வராமல் இருப்பேனா? நடவும்."

ஊர் தலைகுனிந்து சூசையையும் பிள்ளைகளையும் வரவேற்றது. விசாரிக்காமல் தீர்ப்புச் சொன்ன வெட்கம் எல்லார் முகத்திலும் இருந்தது. ஆனால் இஞ்ஞாசியை வேலிக்கு வெளியே தடுத்துவிட்டார்கள்.

"ஞானப்பூ, முதல் பிடி உன்னுடையது" என்றார் உபதேசியார். "இவனை என்ன செய்வது என்பதையும் நீயே சொல்லம்மா. நீ சொன்னால் அவனுக்கு இனி நெருப்பும் இல்லை, படகும் இல்லை, இலையும் இல்லை."

ஞானப்பூ முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். கை நிறைய அரிசி அள்ளினாள். "இந்தப் பந்திக்கு வெளியே நான் நிறுத்தியவர்..."

நின்றுவிட்டாள். வேலிப் பக்கம் பார்த்தாள். நனைந்த வேட்டியோடு, கையைக் கட்டிக்கொண்டு, இஞ்ஞாசி அழுதுகொண்டு நின்றான். உள்ளே வர வேண்டும் என்று கேட்கக்கூட அவனுக்கு வாய் வரவில்லை.

"என்ன அநியாயம் இது!" என்று ஞானப்பூ வெடித்தாள். "பாவம் செய்தவர் அவர். வார்த்தை என் தொண்டையில் வந்து மாட்டுகிறதே!"

அடுப்பு சடசடத்தது.

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "ஓய், வலை கிழித்த அண்ணாச்சி! உள்ளே வாரும். மணி கொடுத்தவராக வராதீர், பசித்தவராக வாரும். நாளைக்கு என்னிடம் திட்டு வாங்க இன்னும் நிறைய இருக்கிறது. இன்றைக்குச் சாப்பிடும்."

பிறகு நிமிர்ந்து நின்று, ஊருக்கே கேட்கும்படி சொன்னாள்: "இந்தப் பந்திக்கு வெளியே நான் நிறுத்தியவர் ஒருவரும் இல்லை!"

அரிசி பானைக்குள் விழுந்தது. தூணுக்குப் பக்கத்து மணலில் சூசைக்கும் ஞானப்பூவுக்கும் பிள்ளைகளுக்கும் இலை போட்டார்கள். அந்த வரிசையின் கடைசியில் இஞ்ஞாசிக்கும் ஓர் இலை விழுந்தது.

ஆகவே கேட்டுக்கொள்ளுங்கள்: காணிக்கையால் பாவத்தை மூடி ஆண்டவரோடு உறவு கொண்டாட முடியாது, உண்மையை ஒப்புக்கொண்டு, நாம் துரத்தியவரைத் தேடி வெறுங்கையோடு திரும்புகிறவனைத்தான் அவர் தம் பந்தியில் உட்கார வைக்கிறார்.