செக்கு வீட்டைச் சுற்றிய வட்டம்

முன்பொரு காலத்தில், கழுதைகூட அனுமதி கேட்டுக் கத்திய காலத்தில், வெண்குடை நாட்டைக் கோடைமேகன் என்றொரு ராஜா ஆண்டு வந்தார். நல்ல மனுஷர்தான். தீர்ப்புச் சொல்லும் விதம்தான் கொஞ்சம் கோணல். வழக்கு வந்தால் வெற்றிலை போடுவார். நாக்கு சிவந்தால் வழக்குப் போட்டவர் பக்கம், சிவக்காவிட்டால் எதிராளி பக்கம். அரண்மனையில் மந்திரியைவிட வெற்றிலை மடித்துக் கொடுப்பவனுக்குத்தான் கும்பிடு அதிகம் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒருநாள் பொக்கிஷதார் குபேரசாமி ஒரு வழக்கோடு வந்தார். எதிராளி, செக்காட்டி எண்ணெய் விற்கும் ஆவுடையம்மாள். அவளுடைய செக்குமாடுகள் நோயில் செத்துப்போனதால், புதுமாடு வாங்க வீட்டை அடமானம் வைத்து அவரிடம் நூறு பொன் வாங்கியிருந்தாள். அடுத்த இரண்டு வருஷமும் எள் விளையவில்லை. கெடு முடிந்துவிட்டது.

"பத்திரம் இருக்கிறது மகாராஜா. வீடும் செக்கும் எனக்கு வேண்டும்" என்றார் குபேரசாமி.

"மூணு மாசம் தவணை கொடுங்க சாமி" என்றாள் ஆவுடையம்மாள். "இந்த வருஷம் எள்ளு நல்லா வந்திருக்கு. செக்கு ஓடினாத்தானே கடன் அடையும்? செக்கையே பிடுங்கிட்டா நான் எதை ஆட்டுறது, தலையையா?"

ராஜா வெற்றிலையை மென்று நாக்கை நீட்டினார். கண்ணாடி பிடித்துக் காட்டினார்கள். செக்கச்செவேலென்று இருந்தது.

"வீடு குபேரசாமிக்கு! பௌர்ணமிக்கு மறுநாள் எடுத்துக்கொள்ளும்."

மந்திரி விடங்கர் எழுந்தார். "மகாராஜா, இது நாக்கு சொன்ன தீர்ப்பு. மூளையையும் ஒரு வார்த்தை கேட்கலாமே?"

குபேரசாமிக்கோ உள்ளுக்குள் பாயசம். பத்து வருஷமாக அவர் கண் மந்திரி நாற்காலி மேல்தான்.

ராஜா மீசையை முறுக்கினார். "அவ்வளவு மூளை இருந்தால் நீரே அவள் வீட்டைக் காப்பாற்றும். கடன் தள்ளுபடி ஆகக்கூடாது. கஜானாவிலிருந்து ஒரு காசு போகக்கூடாது. சட்டமும் மீறக்கூடாது. ஜெயித்தால் முத்துப் பல்லக்கு. தோற்றால் உம் நாற்காலி குபேரசாமிக்கு!"

அந்த நாட்டில் பழைய சட்டம் ஒன்று இருந்தது. கடன் வாங்கியவர் ஓடிவிடுவார் என்று பயந்தால், கொடுத்தவர் அவரைச் சுற்றிச் சுண்ணாம்பால் வட்டம் போடலாம். கடனை அடைக்காமல் கோட்டைத் தாண்டினால் தலை போகும்.

பௌர்ணமியன்று சாயங்காலம் விடங்கர் குபேரசாமியிடம் போனார், முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு.

"நாற்காலியைத் துடைத்து வைக்கச் சொல்லிவிட்டேன், ஐயா. ஆனால் ஒரு யோசனை. விடிவதற்குள் அவள் மாட்டையும் செக்கையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு எல்லையைத் தாண்டிவிட்டால்? உமக்கு நாலு சுவர்தானே மிஞ்சும்?"

"ஓடுவாளோ? வட்டம் போட்டு நிறுத்துகிறேன் பாரும்!"

குபேரசாமி சுண்ணாம்புக் கூடையோடு செக்கு வீட்டு வாசலில் நின்று கத்தினார். "ஏ ஆவுடை, வெளியே வா!"

வாசலுக்கு மட்டும் வந்துவிடாதே என்று விடங்கர் முந்தின நாளே அவளிடம் சொல்லி வைத்திருந்தார்.

"கையெல்லாம் எண்ணெய் சாமி! நீங்க பாட்டுக்குப் போட்டுக்குங்க" என்று உள்ளிருந்தே குரல் வந்தது.

அவர் விடுவாரா? வீடு, கிணறு, மாட்டுத் தொழுவம் எல்லாம் சேர்த்துச் சுற்றி வந்தார். மூன்று கூடை சுண்ணாம்பு தீர்ந்தது. வட்டத்தைப் பார்த்து அவரே தன் தோளைத் தட்டிக்கொண்டார்.

மறுநாள் காலை ஆட்களோடு வந்தார். வேடிக்கை பார்க்க ராஜாவும், கையில் சட்ட ஏட்டோடு விடங்கரும் வந்தார்கள்.

"வெளியே போ!" என்றார் குபேரசாமி.

"எப்படிப் போறது சாமி? கோட்டைத் தாண்டினா தலை போயிடுமே. என்கிட்ட இருக்கிறது ஒண்ணே ஒண்ணு."

"அவ்வளவுதானே? அழித்துவிடுகிறேன்" என்று குபேரசாமி காலைத் தூக்கினார்.

"தாராளமாக!" என்றார் விடங்கர், ஏட்டைப் பிரித்துக்கொண்டே. "போட்டவரே வட்டத்தை அழித்தால் கடன் தீர்ந்ததாக அர்த்தம்; அப்புறம் வீட்டைக் கேட்க முடியாது. சட்டத்தின் இரண்டாவது வரி."

தூக்கிய கால் கொக்கின் கால்போல அந்தரத்தில் நின்றது.

"அப்படியானால் உள்ளேயே கிடந்து காயட்டும்!"

"காய விடக்கூடாதாம். மூன்றாவது வரி. வட்டத்துக்குள் இருக்கும் உயிர்களுக்கெல்லாம் போட்டவர்தான் தீனி தரவேண்டும்."

"உள்ளே எத்தனை உயிர்?" ராஜாவுக்கு ஆவல் தாங்கவில்லை.

"நானு, என் வீட்டுக்காரர், பிள்ளைங்க நாலு, மாடு ரெண்டு, கோழி பதினொண்ணு" என்று விரலை மடக்கினாள் ஆவுடையம்மாள். "பூனை ஒண்ணு இருக்கு. அது ஊர் சுத்தும். ஆனா சாப்பாட்டுக்குக் கரெக்டா வந்துடும்."

ராஜா சிரித்த சிரிப்பில் வெற்றிலைச் சாறு தெறித்துக் குபேரசாமியின் சரிகை அங்கவஸ்திரம் பூப்போட்டதாக ஆகிவிட்டது.

அன்றிலிருந்து பொக்கிஷதார் வீட்டிலிருந்து வேளை தவறாமல் சோறு வந்தது. மாட்டுக்குப் பருத்திக்கொட்டை, கோழிக்குக் கம்பு. தின்ற மாடுகள் யானைக்குட்டி மாதிரி ஆகி, செக்கு சுற்றிய வேகத்தில் தெருவில் காய்ந்த துணியெல்லாம் பறந்ததாம்! ஊர் கோட்டோரம் வந்து எண்ணெய் வாங்கியது. வாராவாரம் தவணை போயிற்று. மூன்றாம் மாதம் கடைசிப் பொன்னையும் வட்டியோடு கோட்டுக்கு இந்தப் பக்கம் நீட்டினாள் ஆவுடையம்மாள். ஊரே பார்க்கக் குபேரசாமி துடைப்பத்தை வாங்கி வட்டத்தைக் கூட்டினார்.

ராஜா அங்கேயே ஆணை போட்டார். "இனி யார் வீட்டைக் கேட்டு வந்தாலும், சம்பாதித்து அடைக்க முதலில் மூன்று மாதம் தவணை. அப்புறம்தான் வழக்கு!"

விடங்கருக்கு முத்துப் பல்லக்கு வந்தது. அதன் முன்கொம்பு யார் தோளில் ஏறியது என்று நான் சொல்லவும் வேண்டுமா?

குபேரசாமி பல்லக்கைத் தூக்கக் குனியும்போது, ஆவுடையம்மாள் தெருவில் இறங்கி வந்து பணிவாகக் கும்பிட்டாள்.

"சாமி, இன்னொரு செக்கு போடலாம்னு ஒரு ஆசை. நூறு பொன் கிடைக்குமா? வீட்டை அடமானம் வைக்கிற மாதிரி இல்லே. வட்டம் வேணும்னா போட்டுக்குங்க."