பூச்சாண்டிக்கு ஒரு வாய்

"கூப்பிடறது நீ. வந்தா கதவைச் சாத்தறதும் நீ. இது என்னம்மா நியாயம்?"

இப்படித்தான் கேட்டான். வாசல்ல நின்னுக்கிட்டு, எதிர் வீட்டுக்கும் கேக்கற மாதிரி சத்தமா கேட்டான். யாரு கேட்டாங்கறியா? சொல்றேன், முதல்ல காலை உதைக்கறதை நிறுத்து. போர்வை நுனியை வாயில வைக்காதே. ம் கொட்டணும், தெரிஞ்சுதா? ம் நின்னா கதையும் நிக்கும்.

"ம்."

ஒரு ஊர்ல ஒரு ஹவுசிங் போர்டு வீடு. மூணாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அந்த வீட்டுல தமயந்தின்னு ஒரு அம்மா. அவளுக்கு ஒரே ஒரு பொண்ணு. அபூர்வான்னு பேரு, கூப்பிடறது அப்பூ. நாலு வயசு இன்னும் முடியல. அப்பா பஸ் ஓட்டறவர், விடியறதுக்கு முன்னாடி போனா விளக்கு வெச்சப்புறம்தான் வருவார். அதனால பகல் பூரா அம்மாவும் பொண்ணும்தான். எழுப்பறது, குளிப்பாட்டறது, தலை வாரறது, கொட்டினதைத் துடைக்கறது, துடைச்ச இடத்துல மறுபடி கொட்டினா மறுபடி துடைக்கறது. இதெல்லாம்கூட தமயந்திக்குப் பெரிசா தெரியல. சாப்பாட்டு நேரம்னு ஒண்ணு வரும் பாரு, அதுதான் போர்க்களம்.

அப்பூ சாப்பிட மாட்டான்னு இல்ல, சாப்பிடுவா. ஆனா மெல்ல மாட்டா. ஒரு வாயைக் கன்னத்துல அடக்கிக்கிட்டு ஜன்னல் வழியா காக்காவைப் பார்த்துட்டு இருப்பா. சாதம் ஆறும், குழம்பு ஆறும், அடுப்பே ஆறிப்போகும். என்னதான் சாப்பிட்டாலும் கடைசி ஒரு வாயைத் தட்டுல வெச்சுடுவா. தலைகீழா நின்னாலும் அதை மட்டும் தொட மாட்டா.

தமயந்திக்கும் ஒரு நாளைக்கு ஒரே ஒரு பொறுமைதான் குடுத்திருந்தது. அது காலையில பால் டம்ளர்லயே தீர்ந்துடும். அப்போ என்ன பண்ணுவா? எல்லா அம்மாவும் பண்றதைத்தான் பண்ணினா. கரண்டியால கதவைத் தட்டுவா, டக் டக் டக். தட்டிட்டு, "பூச்சாண்டி! வாடா! இவளைக் கோணியில போட்டுத் தூக்கிட்டுப் போ! பாரு அப்பூ, பசியோட வெளியே நிக்கறான். நீ சாப்பிடலேன்னா உன்னைச் சாப்பிடுவான்!" அப்படீம்பா.

காலையில ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை. அப்பூ உடனே நாலு வாய் முழுங்குவா. கடைசி வாய் மட்டும் தட்டுல அப்படியே இருக்கும். தமயந்தி பல்லைக் கடிச்சுக்கிட்டு அதை எடுத்துக் குப்பைக்கூடையில தட்டுவா, சளப்!

"ம்."

அப்புறம் ஒரு நாள் மத்தியானம், தமயந்தி கரண்டியால டக் டக்குன்னு தட்டினா. அந்தப் பக்கத்துலேர்ந்தும் டக் டக்குன்னு கேட்டுது.

தமயந்தி கரண்டியைப் பார்த்தா, கதவைப் பார்த்தா. கேஸ்காரரா இருக்கும்னு திறந்தா. அங்கே நின்னது யாரு? ஆமா, அவனேதான். தலை நிலைப்படியை இடிக்குது. உடம்பு பூரா சடையா முடி. தோள்ல ஒரு பழைய கோணி. மூணு மாடி ஏறினதுல புஸ் புஸ்ஸுன்னு மூச்சு வாங்குது. தமயந்தி படார்னு கதவைச் சாத்திட்டா.

அப்போதான் அவன் கேட்டான், முதல்ல சொன்னேனே, அதை. "கூப்பிடறது நீ. வந்தா கதவைச் சாத்தறதும் நீ. இது என்னம்மா நியாயம்? எத்தனை நாளா இந்தப் படி ஏறி இறங்கறேன். வா வாங்கற, தூக்கிட்டுப் போங்கற. அப்புறம் கதவே திறக்க மாட்டேங்கற. நான் வேலைவெட்டி இல்லாதவனா?"

தமயந்தி கதவிடுக்குல வாயை வெச்சு, "ஐயா, அது சும்மா சொன்னது" அப்படீன்னா.

"சும்மாவா? தினம் மூணு வேளையும் சும்மாவா?"

"குழந்தை சாப்பிடறதுக்காக, பேச்சுக்குச் சொன்னது."

"எனக்கு அந்தப் பேச்சுதாம்மா கட்டளை. கூப்பிட்ட வீட்டுலேர்ந்து வெறுங்கையோட போனா எங்க ஆளுங்க என்னைச் சேர்த்துக்க மாட்டாங்க. கொண்டா குழந்தையை."

தமயந்தி தாழ்ப்பாளை இறுக்கிப் பிடிச்சா. திரும்பிப் பார்த்தா, அப்பூ தட்டு முன்னாடி உக்காந்து காக்காவைப் பார்த்துட்டு இருக்கா. கன்னத்துல பருப்பு சாதம். அந்தக் கன்னத்தைப் பார்த்ததும் தமயந்தி கதவைத் திறந்துட்டு வெளியே வந்து, தனக்குப் பின்னாடி சாத்திக்கிட்டு, "என்னைக் கூட்டிட்டுப் போ. சமைக்கத் தெரியும், துவைக்கத் தெரியும், திட்டவும் நல்லாத் தெரியும்" அப்படீன்னா.

"உன்னைத் தூக்கிட்டுப் போகச் சொல்லி யாரும் கூப்பிடலையே" அப்படீன்னான் அவன். நக்கலாச் சொல்லல, நிஜமாவே சொன்னான். அதான் இன்னும் பயமா இருந்துது.

அப்புறம் ரொம்ப நேரம் தாடியைச் சொறிஞ்சான். பொலபொலன்னு கோணி உமி உதிர்ந்துது. "சரி. மூணு மத்தியானம் தரேன். பயமுறுத்தக் கூடாது, பொய் சொல்லக் கூடாது, தட்டு காலியாகணும். மூணுல ஒரு நாள் காலியானாப் போதும், நான் போயிடறேன். அப்புறம் நீயே கூப்பிட்டாலும் வர மாட்டேன். மூணு நாளும் மிச்சம் இருந்தா, நாலாவது பேச்சே கிடையாது." படியில போய் உக்காந்துக்கிட்டான். கோணியை மடியில விரிச்சு வெச்சுக்கிட்டான்.

"ம்..."

முதல் மத்தியானம். தமயந்தி சாதத்தைச் சின்னச் சின்ன உருண்டையாப் பிடிச்சா. ஒண்ணு யானைன்னா, ஒண்ணு குதிரைன்னா, ஒண்ணு அப்பா ஓட்டற பஸ்ஸு. "பீம் பீம், கேட்டைத் திற, பஸ் உள்ளே போகுது!" அப்பூ கலகலன்னு சிரிச்சா. வாயும் திறந்துது, பஸ்ஸும் போச்சு, யானையும் போச்சு, குதிரையும் போச்சு. தட்டுல ஒரே ஒரு வாய் மிச்சம். "இது கடைசி பஸ்டா கண்ணு" அப்படீன்னா தமயந்தி. அப்பூ உதட்டை மூடிக்கிட்டா. ஆடிப் பார்த்தா, பாடிப் பார்த்தா, முகத்தைக் கோணக் கோண வெச்சுப் பார்த்தா. ம்ஹூம்.

வெளியே படியில கோணி சரசரன்னு சத்தம் போட்டுது.

ரெண்டாவது மத்தியானம். தமயந்தி போனைத் தூக்கிக் குழந்தை முன்னாடி சாய்ச்சு வெச்சா. அதுல பூனை ஆடுது, கரடி ஆடுது, எல்லாம் ஆடுது. அப்பூ கண்ணு போன்ல, வாய் பாட்டுக்குத் தானாத் திறக்குது. தமயந்தி லபக் லபக்குன்னு ஊட்டிட்டே போனா. என்ன சாப்பிடறோம்னு குழந்தைக்குத் தெரியல, யார் ஊட்டறான்னும் தெரியல. ஊட்டற கை யாரோடதா இருந்தாலும் அவளுக்கு ஒண்ணுதான்னு தமயந்திக்குத் தோணிச்சு, நெஞ்சுல சுருக்குன்னுது. இருந்தாலும் ஊட்டினா, வேற வழி? கடைசி வாய்க்குக் கை போச்சு பாரு, அப்பூ போனைப் பார்த்துட்டே அந்தக் கையைத் தள்ளிவிட்டா. தூக்கத்துல கொசுவை விரட்டற மாதிரி.

வெளியே கோணி ரெண்டு தடவை சரசரன்னுது.

"ம்ம்..."

அன்னிக்கு ராத்திரி தமயந்தி புருஷன்கிட்ட சொன்னா. அவர் ஷூவைக் கழட்டிட்டே, "உனக்குத் தூக்கம் பத்தல" அப்படீன்னுட்டார். படியில ஒருத்தன் உக்காந்திருக்கறதை அவர் தாண்டித்தான் வந்திருக்கார், அவருக்குத் தெரியல. அவர் கூப்பிடலையே, எப்படித் தெரியும்?

மூணாவது மத்தியானம். தமயந்திக்கு ஆடவும் தெம்பில்ல, பாடவும் தெம்பில்ல. போனை எடுத்து அலமாரி மேல வெச்சுட்டா. தரையில அப்பூவுக்கு எதிர்ல சப்பணம் போட்டு உக்காந்தா. பருப்பு சாதம், நெய், பீன்ஸ் பொரியல். அவசரப்படுத்தல. அப்பூ காக்காவைப் பார்த்தா இவளும் காக்காவைப் பார்த்தா. அப்பூ மென்னா இவ காத்திருந்தா. எத்தனை நேரம் ஆச்சோ, வெயில் ஜன்னல் கம்பியை விட்டுச் சுவத்துக்குப் போயிடுச்சு. கடைசியா ஒரு வாய் நின்னுது.

தமயந்தி அந்த ஒரு வாயைப் பார்த்தா. இத்தனை நாள் அதை எச்சில்னு நினைச்சிருந்தா. உத்துப் பார்த்தப்பதான் தெரியுது, அது எச்சில் இல்ல. குழந்தை ஒரு பக்கமா ஒதுக்கி, விரலால உருட்டி, மேல ஒரு பீன்ஸ் வெச்சிருக்கு. மிச்சம் வெச்ச சாதத்துக்கு யாராவது மேல பொரியல் வைப்பாங்களா?

அப்போதான் அவ இத்தனை நாள் கேக்காததைக் கேட்டா. "அப்பூ, இதை ஏன்டா வெச்சுடற?"

"அது அவனுக்கு."

"எவனுக்கு?"

"பூச்சாண்டிக்கு. பசியோட வெளியே நிக்கறான்னு நீதானே சொன்ன?" அப்பூ தட்டைப் பார்த்துட்டே சொன்னா. "முன்னாடி பயமா இருந்துச்சு. ஒரு வாய் குடுத்தா என்னைச் சாப்பிட மாட்டான்னு வெச்சேன். இப்போ பாவமா இருக்கு. நீ தினம் அதைக் குப்பையில போட்டுடற."

தமயந்தி குப்பைக்கூடையைத் திரும்பிப் பார்த்தா. சளப் சளப்னு அத்தனை நாள் சத்தமும் அவ காதுல கேட்டுது. சாப்பிட மாட்டேங்கறான்னு எந்தக் குழந்தையைத் திட்டினாளோ, அந்தக் குழந்தை பயந்து பயந்து ஒருத்தனுக்குச் சோறு போட்டிருக்கு. அதையும் இவ கொட்டியிருக்கா.

"ம்..."

தூங்கிட்டியா? இல்லையா? சரி.

அப்புறம் தமயந்தி தட்டைக் கையில எடுத்தா, இன்னொரு கையில குழந்தையைப் பிடிச்சா. கதவைத் திறந்தா. பூச்சாண்டி எழுந்து நின்னான், கோணி வாயைப் பிரிச்சான். "மூணு நாள் ஆச்சு. தட்டுல மிச்சம் இருக்கு."

"இருக்கு. உக்காரு" அப்படீன்னா தமயந்தி.

அவன் முழிச்சான். யாரும் அவனை உக்காரச் சொன்னதே இல்ல. எல்லாரும் வான்னுதான் சொல்லியிருக்காங்க. மெதுவா படியில உக்காந்தான்.

"வாயைத் திற."

"என் பேரைச் சொன்னா எல்லாரும் வாயை மூடிக்குவாங்க. திறக்கச் சொல்லி யாரும்..."

"பேசிட்டே சாப்பிடக் கூடாது. திற."

திறந்தான். பெரிய வாய், உள்ளே ஒரே இருட்டு. தமயந்தி பின்வாங்கல. பீன்ஸோட சேர்த்து அந்த ஒரு வாயை ஊட்டினா. அவனுக்கு மெல்லத் தெரியல. கன்னத்துல அடக்கிக்கிட்டு, அப்பூ மாதிரியே உக்காந்திருந்தான். கண்ணுலேர்ந்து பொட்டுப் பொட்டுன்னு தண்ணி.

அப்பூ அவன் முழங்கால்ல கையை வெச்சுக்கிட்டு, அம்மா குரல்லயே அதட்டினா: "சீக்கிரம் முழுங்கு. இல்லேன்னா..."

இல்லேன்னா யாரைக் கூப்பிடறது? குழந்தை யோசிச்சுப் பார்த்தா. யாருமே இல்ல. அம்மா முகத்தைப் பார்த்தா. தமயந்தி தலையைக் குனிஞ்சுக்கிட்டா.

பூச்சாண்டி முழுங்கினான். தட்டு காலி.

"சொன்னபடி போறேன்" அப்படீன்னான். கோணியை நாலா மடிச்சு வாசல்லயே வெச்சான். "இது இனிமே எனக்கு எதுக்கு." தொம், தொம், தொம்... மூணு மாடியும் இறங்கிப் போயிட்டான். தெருவுல பார்த்தா ஆளில்ல.

அதுக்கப்புறம் அந்த வீட்டுல அந்தப் பேரை யாரும் பயமுறுத்தறதுக்குச் சொல்லல. தமயந்திக்கு ஒரே நாள்ல பொறுமை வந்துடுச்சுன்னு நினைக்காதே. நாக்கு நுனிக்கு வரும், "பூ..."ன்னு ஆரம்பிப்பா, முழுங்கிடுவா. கரண்டியால கதவைத் தட்டறதை மட்டும் விட்டுட்டா. கோணியைத் துவைச்சு வாசல்ல போட்டா. யாராவது கால் துடைக்க வந்தா, "அதுல மிதிக்காதீங்க" அப்படீம்பா.

அவ்வளவுதான். கதை சாப்பிட்டுக் கை கழுவியாச்சு, நீ கண்ணை மூடு.

"ம்?"

இன்னும் முழிச்சிருக்கியா? சரி, கொஞ்சூண்டு இருக்கு.

அப்பூவுக்கு ஒரு தடவை காய்ச்சல் வந்து விட்டுது. வாயெல்லாம் கசப்பு. கஞ்சி வேண்டாம், ரசம் சாதம் வேண்டாம், எதுவும் வேண்டாம். தமயந்தி மடியில படுத்துக்கிட்டு, "அவன் வந்தா சாப்பிடறேன். அவனுக்கு ஒரு வாய், எனக்கு ஒரு வாய். கூப்பிடும்மா" அப்படீன்னா.

கூப்பிட்டாலும் வர மாட்டேன்னு அவன் சொன்னது தமயந்திக்கு ஞாபகம் இருந்துது. பொய்யா ஆயிரம் தடவை கூப்பிட்டவ, நிஜமா ஒரு தடவையும் கூப்பிட்டதில்ல. குழந்தையைத் தோள்ல போட்டுக்கிட்டு வாசல் கதவை நல்லாத் திறந்து வெச்சா. கோணி மேல ஒரு சின்னத் தட்டு, அதுல அவனுக்கு ஒரு வாய் ரசம் சாதம்; பக்கத்துல அப்பூவுக்கு ஒரு கிண்ணம். "வாப்பா" அப்படீன்னா. படிக்கட்டுல ஒரு சத்தமும் இல்ல. அப்பூ தோள்லேர்ந்தபடியே அம்மாவைப் பார்த்துட்டு, வாயைத் திறந்து ஒரு வாய் வாங்கிக்கிட்டா. "வாப்பா, கதவு திறந்துதான் இருக்கு." கீழ் வீட்டுல குக்கர் விசில் அடிச்சு ஓய்ஞ்சுது. அப்பூ இன்னொரு வாய் வாங்கிக்கிட்டு, அப்படியே தோள்ல தூங்கிப் போனா. நீயும் தூங்கிட்டியா? ம் சத்தமே காணோம்.

தமயந்தி மட்டும் வாசல்லயே நின்னா. குழந்தை முழிச்சுக்காத மாதிரி, சின்னக் குரல்ல, மூணாவது தடவை கூப்பிட்டா:

"சாதம் ஆறிடும். வந்து ஒரு வாய் வாங்கிக்கிட்டுப் போயேன்."