மொட்டைமாடியில் ஆளுநர்

"முப்பது நாளைக்கு ஒருதரம் சபையில போய் நின்னு, 'ஐயா சாமி, இன்னும் முப்பது நாள் குடுங்க'ன்னு கேக்கணுமாம். நான் என்ன பிச்சையா எடுக்கிறேன்?"

ஆளுநர் திருமேனி மடத்துக்குள் நுழையும்போதே கொதித்துக்கொண்டுதான் நுழைந்தார். மாட்டுச் சந்தையில் தரகராக நின்று, ஏச்சும் பேச்சும் வாங்கி மேலே வந்த மனிதர். கோபம் அவருக்கு மூக்கு நுனியில்.

குரு ஆவுடையம்மாள் அவரைவிட இருபது வயது இளையவர். உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். முறத்தைக் கீழே வைக்கவில்லை.

"வெள்ளம் வந்தப்போ சபைதானே உங்களுக்கு முழு அதிகாரம் குடுத்தது?"

"குடுத்தது. யாரையும் கேக்காம படகுகளைப் பிடிச்சேன், களஞ்சியத்தைத் திறந்தேன். ஒரு உசிரு போகல. இப்ப மூணாந்தரமா நாளைக்குப் போய் நிக்கணும். 'படகை ஏன் இன்னும் திருப்பித் தரல'ன்னு குடைவாங்க."

"தண்ணி வடிஞ்சிடுச்சா?"

"வடிஞ்சு ஒரு மாசம் ஆச்சு. திரும்ப வராதுன்னு யாரு கண்டா?"

மடியிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். குரு அதை வாய்விட்டுப் படித்தார்.

"'ஆபத்து தீர்ந்தது என்று ஆளுநர் தம் வாயால் சொல்லும்வரை ஆபத்து நீடிக்கும். அதுவரை யாரும் சபை கூட்டக் கூடாது.'"

"விடிஞ்சதும் முத்திரை வைக்கப்போறேன். நல்லதுன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா, ஜனங்க முணுமுணுக்க மாட்டாங்க."

"இங்கேயே ஒருநாள் நடத்திப் பாத்துட்டுச் சொல்லட்டுமா?"

"தாராளமா."

குரு எழுந்தார். "மாடியில வடகம் காயுது. குரங்கு வந்திருக்கு. ஆபத்துக்காலம். ஆளுநர்னு எழுதியிருக்கிற இடத்துல என் பேரை வச்சுக்குங்க. ஐயா, இந்தக் கம்பைப் பிடிங்க. மேல ஏறுங்க."

திருமேனி சிரித்துக்கொண்டே ஏணியில் ஏறினார். சந்தைக் குரலில் ஓர் அதட்டல் போட்டார். நாலு குரங்கும் தோப்பைத் தாண்டி ஓடிவிட்டன.

"விரட்டியாச்சு. இறங்கட்டுமா?"

"தீர்ந்ததுன்னு நான் இன்னும் சொல்லலையே."

"குரங்கே இல்லையே, தாயி."

"திரும்ப வராதுன்னு யாரு கண்டா?"

உச்சி வெயில் ஏறியது. கீழேயிருந்து மோர்க்குழம்பு வாசனை வந்தது. வடகம் காய்ந்துவிட்டது. அடுப்படியிலிருந்து இரண்டு பேர் ஏறிவந்து அள்ளிக்கொண்டு இறங்கினார்கள். ஏணியையும் எடுத்துக்கொண்டு போனார்கள்.

"தாயி, வடகமே உள்ள போயிடுச்சு."

"அடுத்த வருஷமும் வடகம் போடுவோம்ல?"

"சரி, பேசி முடிப்போம். இன்னும் ஒரு நாழிகை. போனாப் போகுது, ரெண்டு."

தோள்துண்டை உதறி வலக்கைமேல் போட்டு, கீழே நீட்டினார். சந்தையில் துண்டுக்கடியில் எதிராளியின் விரலைப் பிடித்துத்தான் விலை படியும்.

கை காற்றில் தொங்கியது.

"பேரம் பேசலாம்னு ஆணையில இல்லையே," என்றார் குரு.

திருமேனிக்கு ரத்தம் தலைக்கேறியது. தரையை ஓங்கி மிதித்தார்.

"அடுப்படியில இருக்கிற ஏழு பேரும் கேளுங்க. எல்லாரும் ஒண்ணாக் கூடி, இந்த அம்மாகிட்ட ஒரு நியாயம் கேளுங்க."

தலைமைச் சமையல்காரி வீராயி ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள்.

"கூடக் கூடாதுங்களே, ஐயா. எழுதியிருக்கு."

"எந்த அறிவுகெட்டவன் எழுதினான்?"

வீராயி தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். குழம்பைக் கிண்டப் போய்விட்டாள்.

திருமேனி அப்படியே நின்றார்.

முதலில் அவர் வயிறு குலுங்கியது. பிறகு தோள். பிறகு கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார். அடுப்படியும் சேர்ந்து சிரித்தது.

"அம்மா, அவங்களை ஒண்ணாக் கூட விடுங்க."

குரு தலையசைத்தார்.

ஏழு பேரும் கரண்டியும் கையுமாக முற்றத்தில் கூடினார்கள்.

"இவர் மாடியில இருக்கப்போய்த்தான் ஒரு குரங்குகூட எட்டிப்பாக்கல. ஒரு வாரம் இருக்கட்டுமே," என்றாள் வீராயி.

"அதுவரைக்கும் சோறு யாரு மேல ஏத்துறது? நீயா?" என்றாள் இன்னொருத்தி.

"நான் விரட்டுன குரங்கு ஒரு வாரத்துக்குத் திரும்பாது, எழுதித் தரேன்," என்றார் திருமேனி மேலிருந்து.

"நீங்க எழுதுறதைத்தான் பாத்தோமே."

அவர் விடவில்லை. கெஞ்சினார், குத்திக்காட்டினார், ஒவ்வொருத்தராக மடக்கிப் பேசினார். அவர்களும் விடவில்லை. மனிதருக்கு முகம் சந்தை நாள் மாதிரி களைகட்டிவிட்டது.

கடைசியில் கரண்டியைத் தூக்கினார்கள். இறங்கலாம் என்று நாலு. கூடாது என்று மூன்று.

ஏணி வந்தது. கீழே இறங்கிய திருமேனி, மீசையில் இருந்த வேர்வையைத் துடைத்தார்.

"எதிர்த்துத் தூக்கின மூணு பேரு யாரு?"

கேட்பது ஆளுநர் என்பது எல்லோருக்கும் அப்போதுதான் ஞாபகம் வந்தது.

வீராயி கரண்டியை உயர்த்தினாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு கரண்டிகள் மெல்ல எழுந்தன.

"இவங்க நடுவுல எனக்கு இலை போடுங்க," என்றார் திருமேனி. "நாளைக்குச் சபையில பேசணும். இப்பவே பழகிக்கிறேன்."