ஒரு இடத்துல நிக்காத தையல்சிட்டு

"அது ஒரு இடத்துல நிக்கவே மாட்டேங்குது வாத்தியாரே."

சொல்லிட்டு தெய்வநாயகம் கழுத்துல தொங்குன கேமராவைக் கழட்டி லூர்துசாமி வீட்டு மேசை மேல வச்சாரு. வச்ச கையோட தோள்பட்டையைத் தடவிக்கிட்டாரு. வயசு அம்பத்தாறு. மூஞ்சி இன்னும் பத்து வயசு கூடச் சொல்லும்.

"எது?"

"தையல்சிட்டு."

லூர்துசாமி பொட்டுக்கடலை மென்னுக்கிட்டிருந்தாரு.

ஊரப்பாக்கம் பக்கம் வீட்டுக் கொல்லையில கேமராவோட சுத்துற அத்தனை பேருக்கும் லூர்துசாமிதான் வாத்தியாரு. சிஷ்யனுங்களை விட வயசுல சின்னவரு. அந்தக் காலத்துல பாட்டுக் கச்சேரி மேடையில, பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவுல வந்து மிமிக்ரி பண்ணுவாராம். தண்ணி மோட்டாரு காத்து வாங்குற சத்தத்துலேருந்து தாசில்தார் ஆபீஸ் பியூன் இருமுற இருமல் வரைக்கும் அச்சு அசலா வரும். பறவை பின்னால போக ஆரம்பிச்சதுலேருந்து வாயைத் தொறக்கறதே கம்மி. அதுவும் இந்த மாதிரி பொட்டுக்கடலை போடத்தான்.

கேமராவை எடுத்து ஒவ்வொரு படமாத் தள்ளிப் பாத்தாரு.

"இது என்னண்ணே?"

"கீரி."

"எங்க?"

"இப்பதான் போச்சு."

"இது?"

"செம்போத்து."

"வாலு மட்டும் தெரியுது."

"மீதி மரத்துக்கு அந்தப் பக்கம்."

"இது பரவாயில்லையே. ஓணான் அசையாம நிக்குது."

"அது பைப்பு வாத்தியாரே."

லூர்துசாமி சிரிக்கல. அடுத்ததுக்குப் போனாரு. அதுக்கப்புறம் வந்ததெல்லாம் பச்சையா ஒரு தீத்தல். குழந்தை சாயம் பூசி விளையாடுன சுவரு மாதிரி.

"இதெல்லாம்?"

"தையல்சிட்டு."

தெய்வநாயகம் நாற்காலியில சாஞ்சாரு. சாஞ்சதும் கண்ணு தானா மூடிக்கிச்சு. மூடுன கண்ணோடயே பேசுனாரு.

"எனக்குப் போட்டியெல்லாம் வேணாம். பரிசெல்லாம் வேணாம். ஒரே ஒரு படம். எங்கப்பாவுக்குக் காட்டணும். ஒரு பக்கம் விழுந்து ரெண்டு வருஷமா கட்டில்லயே கெடக்காரு. பேச்சு இல்ல. எதுக்கும் அசைய மாட்டாரு. இந்தக் குருவி கத்துனா மட்டும் கண்ணு அந்தப் பக்கம் போகுது. பாக்க முடியல அவரால. கட்டிலு கொல்லைப்பக்க ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு கெடக்கு. படமா எடுத்துக் கண்ணுக்கு நேரா காட்டலாம்னு பாத்தா, இந்தக் கழுதை நின்னாத்தான?"

"எப்படி வர வைக்கிறீங்க?"

தெய்வநாயகத்துக்கு மூடுன கண்ணு தொறந்துச்சு. பையிலேருந்து உள்ளங்கை அளவு ஸ்பீக்கரை எடுத்துக் காட்டுனாரு.

"இதுல இன்னொரு ஆண்சிட்டு கூவுற ரெக்கார்டிங் இருக்கு. கொய்யா மரத்துல தொங்க விட்டு, போன்லேருந்து போடுவேன். போட்டா போதும், எங்க இருந்தாலும் அடிச்சுப் பிடிச்சு வந்துரும். வாலைத் தூக்கிக்கிட்டு, கழுத்தைப் பொடைச்சுக்கிட்டு, இந்தக் கிளை அந்தக் கிளைன்னு தாவும். எவன்டா அவன் என் இடத்துக்கு வந்தவன், எவன்டா அவன்னு."

"எவனும் இருக்க மாட்டான்."

"இருக்க மாட்டான். தேடிட்டுப் போயிரும். திருப்பிப் போடுவேன். திருப்பி வரும்."

"எவ்வளவு நேரம்?"

"அப்பா தூங்குற நேரமெல்லாம்."

லூர்துசாமி ஒரு பொட்டுக்கடலையை வாயில போட்டாரு.

"கூடு எங்க இருக்கு?"

"அதே கொய்யா மரந்தான். ரெண்டு இலையை இழுத்து நாரு போட்டுத் தச்சு வச்சிருக்கு பாருங்க, டெய்லரு தோத்தான்."

"குஞ்சு?"

"இருக்கு. ரெண்டு நாள் முன்னால வரைக்கும் ஒரே கத்தலு. தொறந்த வாயை மூடாதுங்க. இப்ப கொஞ்சம் அடங்கியிருச்சு. அதுவும் நல்லதாப் போச்சு. ரெக்கார்டிங் தெளிவாக் கேக்குது."

மெல்லுற சத்தம் நின்னுச்சு.

லூர்துசாமி கையை நீட்டுனாரு. "ஸ்பீக்கரைக் குடுங்க."

"எதுக்கு?"

"வேணும்."

குடுத்தாரு.

"அப்பாவுக்கு மத்தியானம் எத்தனை மணிக்குச் சாப்பாடு?"

"பன்னெண்டரைக்குக் கஞ்சி. ஏன் கேக்குறீங்க?"

"சும்மாதான்."

"குருவி நிக்கறதுக்கு என்ன வழின்னு கேட்டேனே வாத்தியாரே?"

"நாளைக்குச் சொல்றேன்."

மறுநாள் பன்னெண்டரைக்கு தெய்வநாயகம் கஞ்சிக் கிண்ணத்தோட கட்டில் ஓரமா உக்காந்தாரு.

அது ஒரு தனி வேலை. தலையணையை உயர்த்தணும். தலையை நிமித்திப் பிடிக்கணும். ஒரு கரண்டி வாயில ஊத்தி, தொண்டைக்குழியை மெதுவாத் தடவிக் குடுக்கணும். இறங்கிருச்சான்னு பாக்கணும். அப்பா மறுபடி வாயைத் தொறப்பாரு. அதுதான் இப்ப அவரு பேசுற ஒரே பேச்சு. நடுவுல எந்திரிச்சா எல்லாம் போச்சு, முதல்லேருந்து.

ரெண்டாவது கரண்டி உள்ள போயிருந்துச்சு.

"க்ர்ர்ஹ்ம்! ஏய், தெய்வநாயகம்! டேப்பை எடுத்துக்கிட்டு வெளிய வாடா!"

கொல்லைப்பக்கம்.

தெய்வநாயகத்துக்கு முதுகுத்தண்டு நிமிந்துச்சு. செல்வகணபதி. சித்தப்பா மகன். பக்கத்துத் தெரு. கொல்லைச் சுவரு தன் இடத்துக்குள்ள மூணு அடி வந்திருக்குன்னு, சித்தப்பா சாவு வீட்டுலயே ஊரே கேக்கச் சண்டை போட்டவன். வாயைத் தொறக்கறதுக்கு முன்னால தொண்டையைச் செருமுவான். அந்தச் செருமலைக் கேட்டாலே தெய்வநாயகத்துக்கு ரத்தம் முதல்ல ஓடும். புத்தி பின்னால மெதுவா நடந்து வரும்.

ஓடுனாரு.

கொல்லையில ஒருத்தரும் இல்ல. சுவரை எட்டிப் பாத்தாரு. சந்துல ஒரு நாய் படுத்திருந்துச்சு. அதுவும் இவரைப் பாத்து, யாருய்யா நீங்கிற மாதிரி தலையைத் தூக்கிட்டு மறுபடி படுத்துச்சு.

"பேடிப்பய. ஓடிட்டான்."

திரும்பி வந்தாரு. அப்பா வாயைத் தொறந்தபடியே இருந்தாரு. ஓரத்துல கஞ்சி வழிஞ்சு காதுக்குப் போயிருந்துச்சு. துடைச்சாரு. தலையணையைச் சரி பண்ணுனாரு. நிமித்துனாரு. ஊத்துனாரு. தடவுனாரு.

"க்ர்ர்ஹ்ம்! கல்லு நட ஆளு கூட்டியாந்திருக்கேன்! உள்ள ஒளிஞ்சுக்கிட்டா விட்டுருவேனா?"

ஆளோட வந்திருக்கான்!

தெய்வநாயகம் கைலியை மடிச்சுக் கட்டுனாரு. இந்தத் தடவை சந்து முனை வரைக்கும் போனாரு. இஸ்திரி வண்டிக்காரர்கிட்ட கேட்டாரு.

"இந்தப் பக்கம் யாராச்சும் வந்தாங்களா?"

"இந்த வெயில்ல எவன் சார் வருவான்? நீங்கதான் வந்திருக்கீங்க."

மூச்சு இளைச்சுச்சு. வீட்டுக்குள்ள வரும்போது வாசப்படி தடுக்குச்சு. அப்பா அப்படியே இருந்தாரு. கண்ணு ரெண்டும் கரண்டி இருந்த திசையிலயே நின்னுச்சு. கஞ்சி மேல ஆடை படிஞ்சிருந்துச்சு.

"இந்தா வந்துட்டேன்ப்பா. இந்தா."

கரண்டியில மொண்டாரு. உதட்டுக்கிட்ட கொண்டு போனாரு.

"க்ர்ர்ஹ்ம்! கொய்யா மரமும் எங்களுதுதான்டா! வெட்டச் சொல்லிட்டேன்!"

கரண்டியை வைக்கணும்னு கூடத் தோணல. கரண்டியோடயே ஓடுனாரு. கஞ்சி வழியெல்லாம் சிந்துச்சு.

"டேய், செல்வகணபதி! மரத்துல கை வச்சே..."

யாரும் இல்ல.

சுவத்து மேல, ரெண்டு செங்கல்லுக்கு நடுவுல, உள்ளங்கை அளவு ஒரு சாமான் உக்காந்திருந்துச்சு. அவரோட ஸ்பீக்கரு.

அது தொண்டையைச் செருமுச்சு.

"க்ர்ர்ஹ்ம்! ஏய், தெய்வநாயகம்! டேப்பை எடுத்துக்கிட்டு..."

பக்கத்துல 'க்ளிக்'னு ஒரு சத்தம். திரும்புனாரு.

துணி துவைக்கிற கல்லுக்குப் பின்னால, பக்கெட்டைக் கவுத்துப் போட்டு அது மேல லூர்துசாமி உக்காந்திருந்தாரு. கண்ணுல கேமரா. போனை எடுத்து ஒரு அமுக்கு அமுக்குனாரு. செல்வகணபதி பாதி வார்த்தையில அடங்குனான்.

லூர்துசாமி எடுத்த படங்களைத் தள்ளித் தள்ளிப் பாத்தாரு. உதட்டைப் பிதுக்குனாரு.

"ஒண்ணும் தேறலண்ணே. நீங்க ஒரு இடத்துல நிக்கவே மாட்டேங்கிறீங்க."

தெய்வநாயகத்துக்கு மூச்சு வாங்குச்சு. மூஞ்சி செவந்துச்சு. இத்தனை நாளா சொன்ன 'வாத்தியாரே' எங்க போச்சுன்னே தெரியல.

"யோவ்! உனக்கு அறிவு இருக்காய்யா? விளையாடுற நேரமாய்யா இது?"

"இன்னொரு தடவை கூப்பிடட்டுமா? இப்ப வெளிச்சம் நல்லா இருக்கு."

"கூப்பிடுவியா? இருக்கற அலுப்புல மனுசன் செத்துக்கிட்டிருக்கான்! இல்லாத ஒருத்தனைத் தேடி இந்த வெயில்ல என்னை ஓட விட்டுட்டு... உள்ள ஒரு உசுரு, வாயைத் தொறந்துக்கிட்டு எனக்காக..."

அதோட நின்னுச்சு பேச்சு.

லூர்துசாமி தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. கேமராவை மடியில வச்சு, மேல துண்டைப் போட்டு மூடுனாரு.

கொல்லை அமைதியாச்சு.

கொய்யா மரத்துல, தச்ச இலைக்குள்ள, ஊசி மாதிரி மெலிசா ஒரு சத்தம். அப்புறம் இன்னொண்ணு.

கரண்ட் கம்பியில தையல்சிட்டு வந்து உக்காந்துச்சு. வாயில ஒரு பச்சைப் புழு. இந்த ரெண்டு பேரையும் பாத்துச்சு. ஸ்பீக்கரைப் பாத்துச்சு. ரொம்ப நேரம் பாத்துச்சு.

ரெண்டு பேரும் அசையல.

அது இறங்கி வந்துச்சு. இலை விளிம்பைக் கால்ல பிடிச்சுக்கிட்டு, தலையை உள்ள விட்டுச்சு. விட்டது விட்டபடி அப்படியே நின்னுச்சு. செம்பட்டை உச்சி, பச்சை முதுகு, தூக்குன வாலு. ஒவ்வொரு இறகும் தனித்தனியாத் தெரிஞ்சுச்சு.

தெய்வநாயகம் கையைப் பாத்தாரு. கையில கரண்டிதான் இருந்துச்சு.

"கஞ்சி ஆறியிருக்கும்ணே," லூர்துசாமி சத்தம் வராம சொன்னாரு. "போங்க."

தெய்வநாயகம் பின்பக்கமாவே நடந்து உள்ள போனாரு.

அப்பாவோட வாய் இன்னும் மூடல.

கரண்டியைக் கிண்ணத்துல வச்சாரு. கட்டிலைப் பாத்தாரு. ஆஸ்பத்திரியிலேருந்து வாடகைக்கு எடுத்த கட்டிலு. நாலு காலுலயும் சக்கரம் இருந்துச்சு. ரெண்டு வருஷமா அது அவரு கண்ணுல பட்டதே இல்ல.

குனிஞ்சு தோளைக் குடுத்துத் தள்ளுனாரு. துருப்பிடிச்ச சக்கரம் கீச்சுன்னு ஒரு கத்து கத்திட்டு, ஜன்னல் பக்கம் திரும்புச்சு.